நாற்பத்தொன்று புள்ளி பூஜ்யம்

கடைத்தெருவில் அவருக்கு ‘மில்லி’ என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் ஆள் தண்ணிப் பார்ட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் எடை அளவு ஆய்வாளராக உத்தியோகம் பார்த்தவர். பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டரைத் தன் அளவுக் கலத்தில் பிடித்து, குனிந்து கோட்டைப் பார்த்து, “முப்பத்திரண்டு மில்லி குறையுது” என்பார். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே இயந்திரத்தைப் பூட்டி ஈய முத்திரை வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ஏமாற்றுகிறவர்கள், ஏமாறுகிறவர்கள் என்று மனிதர்களை அவர் இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார். இரு தரப்பின் மீதும் அவருக்கு இளக்காரம். ஏமாற்றுகிறவனை ஏமாற்றுகிறான் என்பதற்காக அவர் வெறுத்ததில்லை. அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே என்றுதான் எரிச்சல். ஒருவன் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்தான். அந்தக் காந்தத்தில் கடையிலிருந்த குண்டூசியெல்லாம் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. “திருடறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்யா” என்று அவனிடமே சொல்லிவிட்டு வழக்கு எழுதினார். ஏமாறுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “கண்ணு முன்னாடி முள் ஆடுது, இவன் கடைக்காரன் முகத்தைப் பாத்துப் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கறான்” என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கு ஆகாத வார்த்தை ஒன்று இருந்தது. ‘சுமார்’. அந்த வார்த்தையைக் கேட்டால் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி முகம் போகும். நூலகத்தில் வேலை பார்த்த, அவரைவிடப் பத்து வயசு இளையவளான அவர் மனைவி, “சுமாரா எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று கேட்டால் பதிலே வராது. கல்யாணமான முதல் வருஷத்திலேயே அந்த அம்மாள் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. “இவருக்கு எல்லாமே சரியா தெரியும். எங்க சட்டையைக் கழட்டி வச்சோம்ங்கறது மட்டும் தெரியாது” என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, ஒரு நாள் இடுப்பில் வலி என்று படுத்தார். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கப் போனார்கள். கல் இல்லை. ஆனால், இடுப்புக்கு உள்ளே வலது பக்கத்தில் ஆழமாக ஓடுகிற ஒரு ரத்தக்குழாய் ஓரிடத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. இளம் வயசில் ஊதித் தள்ளிய சிகரெட்டெல்லாம் சேர்ந்து குழாயின் சுவரை நைந்துபோக வைத்திருக்கலாம் என்றார்கள். அப்படியே விட்டால் என்றைக்காவது வெடிக்கும், வெடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது.

இந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்கு ஒருவர் முளைப்பார். இங்கே முளைத்தவர் மனைவியின் தம்பி. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களின் அறை வாசலில் பை தூக்கிக் காத்திருப்பதையே மருத்துவப் படிப்பு என்று நினைத்துக்கொண்டவர்.

“அத்தான், நீங்க கவலையே படாதீங்க. பெரிய டாக்டர் எனக்கு ரொம்ப வேண்டியவர். கத்தியே கிடையாது. தொடையில ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். மூணாம் நாள் வீட்ல இருப்பீங்க.”

“அவருக்கு உன்னைத் தெரியுமா?”

“என்ன அத்தான் இப்படிக் கேட்டுட்டீங்க!”

மச்சினனை மில்லி ஏமாறுகிறவன் பட்டியலில் எப்போதோ சேர்த்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது பெரிய டாக்டர் இல்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா. முப்பது வயசு இருக்கும். கலைந்த தலை, கோட்டுப் பையில் பேனா மை கசிந்த கறை. அந்தக் கறையைப் பார்த்ததுமே மில்லியின் மனசில் பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

“எவ்வளவு பெருசா இருக்கு?” என்று கேட்டார்.

“சுமார் நாலு சென்டிமீட்டர் சார்.”

“சுமார்னா?”

“குடல்ல இருக்கற காத்து கொஞ்சம் மறைக்குது. எந்தக் கோணத்துல அளக்கறோம்ங்கறதைப் பொறுத்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் முன்ன பின்ன வரும். சி.டி. ஸ்கேன் எடுத்தா இன்னும் தெளிவா சொல்லலாம்.”

மில்லி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் பெரிய டாக்டர் வந்தார். கஞ்சி போட்ட கோட்டு. உட்காரவில்லை. ஸ்கேன் தாளை ஒரு தடவை பார்த்தார். “நாற்பத்தொண்ணு புள்ளி பூஜ்யம் மில்லிமீட்டர். அடைச்சுடலாம்” என்றார்.

மில்லிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புள்ளிக்குப் பின்னாலும் ஒரு இலக்கம் சொல்கிற ஆளை எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறார்! வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சுதான். “பாத்தியா? அதான் படிச்சவனுக்கும் பரீட்சை எழுதினவனுக்கும் வித்தியாசம்.”

“ரெண்டு பேரும் ஒரே தாளைத்தான் பாத்தாங்க” என்றாள் மனைவி.

அது அவர் காதில் ஏறவில்லை.

சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போகிற ஊசி மட்டும். மேலே பெரிய திரை, அதில் அவருடைய இடுப்பு எலும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. குழாய் வழியாக நூல் மாதிரி கம்பியை உள்ளே விட்டார்கள். வீக்கத்திலிருந்து பிரிந்து போகிற கிளைகளை ஒவ்வொன்றாகச் சின்னச் சுருள் கம்பிகளால் அடைத்தார்கள். பிறகு, வீக்கத்துக்குள் ரத்தமே நுழையாதபடி பெரிய குழாயில் துணி போர்த்திய ஸ்டென்ட் ஒன்றை வைத்து வாசலை மூடினார்கள். நல்ல வேலைதான். மில்லியே படுத்துக்கொண்டு மெச்சினார்.

கடைசியில் சாய மருந்தைச் செலுத்திப் பார்த்தபோது டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

“சார், பின்பக்கம் ஒரு சின்னக் கிளை இன்னும் திறந்திருக்கற மாதிரி தெரியுது.”

“எங்க?”

“இங்க. லேசா.”

“அது தானா அடைஞ்சுடும்” என்றார் பெரிய டாக்டர். கையுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

படுத்திருந்தவர், ‘இந்தப் பொண்ணு வேற, மாதிரிங்குது, லேசாங்குது’ என்று மனசுக்குள் சலித்துக்கொண்டார். அவருக்கு எட்ட வேண்டிய சேதி அன்றைக்கே எட்டிவிட்டது. அவர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வீட்டில் இருந்தார். மச்சினன் வந்து, தானே கம்பியைப் பிடித்து உள்ளே விட்ட மாதிரி பேசிவிட்டுப் போனார். முதல் வாரத்திலேயே ஒரு தொந்தரவு தெரிந்தது. நடந்தால் வலது பிட்டத்தில் இறுக்கிப் பிடித்தது. சரியாக இருநூற்றுப் பதினான்கு அடி. பால் பூத் தாண்டி, சலூன் வாசல் வருவதற்குள் நின்றுவிட வேண்டும். இரண்டு நிமிஷம் நின்றால் வலி போகும். மறுபடி இருநூற்றுப் பதினான்கு. சதைக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்திருப்பதால் இது பலருக்கும் வருவதுதான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் பெரிய டாக்டர். சொன்ன மாதிரியே நான்கைந்து மாதத்தில் முந்நூறு, நானூறு என்று ஏறியது. பெரிய டாக்டர் மீதிருந்த மரியாதையும் கூடவே ஏறியது.

சிகிச்சைக்கு ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 41.0 என்று இருந்தது. வீக்கம் வளரவில்லை.

ஆறாம் மாதம் போனபோது டாக்டரம்மாதான் இருந்தாள். ஸ்கேன் தாளை ஒரு தடவை பார்த்தாள். திரையில் படத்தை வரவழைத்து மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“இதுல சரியா தெரியல சார். காத்து மறைச்சிருக்கு. சாய மருந்து குடுத்து ஒரு சி.டி. எடுத்துடலாமா?”

“நாற்பத்தொண்ணு புள்ளி பூஜ்யம்னு போட்டிருக்கே?”

“போட்டிருக்கு. ஆனா எதை அளந்தாங்கன்னு எனக்குப் புரியல.”

“உனக்குப் புரியலேன்னா நான் எதுக்கும்மா மறுபடி படுக்கணும்? போன தடவை சுமார்னே. இந்தத் தடவை தெரியலங்கறே. தெரிஞ்ச ஆள் மேல இருக்காரு.”

ஆனாலும் அவள் சி.டி. எடுக்க வேண்டும் என்று கோப்பில் எழுதத்தான் செய்தாள். மில்லி நேராக ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய், ஒன்றரைப் பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷம் வழக்கு எழுதிய கை. ‘மேற்படி மருத்துவர் தம் தொழிலில் நிச்சயமற்றவராகவும், நோயாளிகளைத் தேவையின்றி அலைக்கழிப்பவராகவும் காணப்படுகிறார்’ என்று எழுதியபோது அவருக்கே ஒரு சந்தோஷம். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டு, “அவங்க கொஞ்சம் பயந்த சுபாவம்” என்று சொல்லி, சி.டி. வரியை அடித்தார். அதன்பிறகு டாக்டரம்மா அவர் கோப்பைத் தொடவில்லை.

பன்னிரண்டாம் மாதம் போனபோதும் 41.0.

அதற்குள் வேறொன்று தொடங்கியிருந்தது. வலது கால் கட்டைவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது. செருப்பு நழுவியது தெரியாமல் பத்தடி நடந்து போய், ஒற்றைக் கால் செருப்போடு நின்றார். பெரிய டாக்டரிடம் சொன்னார். “அது முதுகெலும்பு சமாசாரம். எலும்பு டாக்டரைப் பாருங்க. நம்ம வேலை சுத்தமா இருக்கு” என்றார் அவர். மச்சினனும், “வயசாச்சுல்ல அத்தான்” என்றார், ஏதோ தனக்கு மட்டும் வயசே ஆகாத மாதிரி.

மனைவி மட்டும் வேறு மாதிரி சொன்னாள். “நீங்க மாடிப்படி ஏறறப்போ சத்தம் மாறிப்போச்சு. இடது கால் டப்புனு வைக்குது. வலது கால் சரக்குனு தேய்க்குது. முதுகெலும்பு தேஞ்சா இப்படி ஒரே மாசத்துல ஆகுமா?”

“நீ எப்போ டாக்டர் ஆன?”

“நான் டாக்டர் இல்ல. எனக்குக் காது இருக்கு.”

இரண்டு வாரத்தில் நூலகத்தின் வாசல் படியில் விழுந்தார். மனைவியைக் கூப்பிட்டு வரப் போயிருந்தார். மூன்றே படி. வலது பாதம் மேலே தூக்கவில்லை. நுனி படியில் இடறி, வாசிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே குப்புற விழுந்தார். உதடு கிழிந்தது. நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அதில் ஒருவன் கடைத்தெரு எண்ணெய்க் கடைக்காரன். ஒரு காலத்தில் மில்லி முத்திரை வைத்துக் கடையைப் பூட்டிய ஆள். “பாத்து சார், பாத்து” என்று அவன் தன் கைக்குட்டையை எடுத்து ரத்தத்தைத் துடைத்தான். அடிபட்ட உதட்டைவிட அந்தக் கைக்குட்டைதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் சிகிச்சைக்குப் பிறகு எடுத்த மூன்று ஸ்கேன் தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தார். எலும்பு டாக்டரிடம் எதை எடுத்துப் போவது என்று பார்க்கத்தான். 41.0. 41.0. 41.0.

மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “என்ன ஆச்சு?” என்றாள்.

“மாவு மில்” என்றார்.

“இப்போ எதுக்கு அந்த மாவு மில்?”

உத்தியோகத்தில் சேர்ந்த நாலாம் வருஷம் நடந்தது அது. ஒரு மாவு மில்லின் எடைப் புத்தகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டையும் ஐம்பது கிலோ பூஜ்யம் பூஜ்யம் கிராம். இருநூறு மூட்டை, ஒன்றில்கூட ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. தராசை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடி, “இங்க யாரும் எதையும் எடை போடல” என்று எழுதினார். மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தக் கதையை அவர் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

“எனக்குத் தெரியணும்” என்றார் மனைவியிடம். “வேற எவனுக்குத் தெரியலேன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நிஜமா அளந்தா மூணு தடவையும் ஒரே எண் வருமா? ஒரு பூஜ்யத்தைக் காட்டி என் காதுல பூ சுத்திட்டான். நானும் தலையைக் குனிஞ்சு காட்டிக்கிட்டு நின்னிருக்கேன்.”

வாழ்நாள் முழுக்க ஊரார் மேல் வாரி இறைத்த இளக்காரம் அத்தனையும் அந்த ஒரு காலையில் அவர் பக்கமே திரும்பியது. கடைக்காரன் முகத்தைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில், வரிசையின் முதல் ஆளாகத் தானே நின்றிருப்பது தெரிந்தது. மனைவி அன்றைக்கு லீவு சொன்னாள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பெரிய டாக்டர் அறையில் மூன்று தாள்களையும் மேஜை மேல் வைத்தார்.

“டாக்டர், மூணு தடவையும் இதை அளந்தாங்களா?”

“ரிப்போர்ட்ல இருக்கே.”

“ரிப்போர்ட்ல இருக்கறது எனக்கும் தெரியுது. அளந்தாங்களான்னு கேக்கறேன்.”

“வீக்கம் மாறலேன்னா அதே நம்பர்தானே சார் வரும்?”

“வராது. ஒரே கல்லை ஒரே தராசுல பத்துத் தடவை வச்சாலும் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும். ஆடலேன்னா ரெண்டே காரணம். ஒண்ணு, தராசு செத்துப்போச்சு. இல்லேன்னா யாரும் கல்லைத் தூக்கவே இல்ல.”

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஸ்கேன் ரூம்ல எழுதறதுதான் எனக்கு வரும். நான் என்ன டேப்பை எடுத்துட்டுப் போயா அளக்க முடியும்?”

“அப்போ அன்னிக்கு அந்தப் புள்ளி பூஜ்யத்தை எந்த நம்பிக்கையில சொன்னீங்க?”

பெரிய டாக்டர் மேஜை மணியை அழுத்தினார். அடுத்த நோயாளியின் பெயரை வாசலில் கூப்பிட்டார்கள். கோட்டின் கஞ்சி மட்டும் கலையாமல் விறைப்பாக நின்றது. இதற்கா மயங்கினோம் என்று மில்லிக்கு வாயெல்லாம் கசந்தது.

டாக்டரம்மாவின் அறை கீழ்த் தளத்தில் இருந்தது. படியில் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே போனதும் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். வாழ்க்கையில் அவர் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதற்கு வேண்டிய வார்த்தையெல்லாம் கைவசம் இல்லை.

“என்னை ஞாபகம் இருக்காம்மா?”

“இருக்கு சார். உங்க புகார் என் ஃபைல்ல இருக்கு. அதனாலதான் இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போச்சு.” குரலில் கோபமே இல்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். தப்பு என்னோடது.”

“அதை அப்புறம் பாக்கலாம். செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறிப் படுங்க. பாதத்தை மேல தூக்குங்க... தூக்குங்க. எத்தனை நாளா இப்படி?”

“நாற்பத்தாறு நாள்.”

அவள் அன்றைக்கே சி.டி. எடுக்க வைத்தாள். சாயங்காலம் படத்தைத் திருப்பிக் காட்டினாள். அடைத்துவிட்டதாகச் சொன்ன வீக்கத்தின் பின்னால், அந்தச் சின்னக் கிளை திறந்தபடியே இருந்தது. முன்வாசலை ஸ்டென்ட் மூடியிருந்ததால் பின்வாசல் வழியாக ரத்தம் எதிர்த்திசையில் கசிந்து உள்ளே வந்து, வெளியே போக வழியில்லாமல் பையை உப்ப வைத்துக்கொண்டிருந்தது. உப்பிய பை ஒரு பக்கம் காலுக்குப் போகிற நரம்புக் கொத்தை நசுக்கியது. மறுபக்கம் சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாயை மிதித்துக்கொண்டிருந்தது. சிறுநீர் வெளியேற வழியில்லாமல் வலது சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. வலியே தெரியவில்லை, அதனால் யாரும் தேடவில்லை.

“எவ்வளவு இருக்கு இப்போ?” என்றார்.

“ஐம்பத்திரண்டுலேர்ந்து ஐம்பத்தஞ்சுக்குள்ள. மூணு கோணத்துல அளந்தேன், மூணும் வேற வேற வந்துச்சு. ஒரே எண்ணாச் சொன்னா நான் பொய் சொல்றதா ஆயிடும்.”

“சொல்லாதே. ரொம்பச் சரி” என்றார். பிறகு, “இந்த மாதிரி நிறையப் பேருக்கு ஆகுமா?” என்று கேட்டார்.

“கசியறது அப்பப்போ நடக்கும். ஆனா நரம்பும் கிட்னியும் சேர்ந்து மாட்டறது ரொம்ப அபூர்வம். நான் ஒருத்தரையும் பாத்ததில்ல. படிச்சிருக்கேன்.”

அபூர்வம் என்ற வார்த்தையைக் கேட்டு மனைவி முதல்முறையாக அழுதாள். மில்லி அவளைத் தேற்றவில்லை. தன் பயம் வெளியே தெரியக்கூடாது என்று திரையில் இருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிறுநீர்க் குழாய்க்குள் ஒரு மெல்லிய டியூபை வைத்துச் சிறுநீரகத்துக்கு வழி விட்டார்கள். நான்கு நாள் கழித்து அவரைக் குப்புறப் படுக்க வைத்து, ஊசி வழியாகச் சிகிச்சை செய்கிற இன்னொரு டாக்டரும் டாக்டரம்மாவும் சேர்ந்து, சி.டி. படத்தைப் பார்த்தபடியே பிட்டத்தின் வழியாக நீளமான ஊசியை நேராக அந்த வீக்கத்துக்குள் இறக்கினார்கள். பசை மாதிரி ஒரு மருந்தைச் செலுத்தி, கசிகிற வாயையும் பின்பக்கக் கிளையையும் சேர்த்து உறைய வைத்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு மயிரிழை தள்ளிப் போனால் மிச்சம் இருக்கிற நரம்பும் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மில்லி குப்புறக் கிடந்து, தலையணையில் வாயை அழுத்திக்கொண்டார்.

வீக்கம் நின்றது. மூன்று மாதத்தில் சுருங்கவும் தொடங்கியது. சிறுநீரகம் தப்பியது. கால்தான் முழுசாகத் திரும்பவில்லை. நசுங்கிய நரம்பு பாதி விழித்தது, மீதி விழிக்கவில்லை. பாதத்தைத் தாங்கிப் பிடிக்கப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று செய்து கொடுத்தார்கள். அதைச் செருப்புக்குள் போட முடியாது. நாற்பது வருஷம் செருப்பு போட்ட மனிதர் ஷூ வாங்கினார். சீக்கிரம் வந்திருந்தால் முழுசாகத் திரும்பியிருக்குமா என்று மனைவி கேட்டாள். “திரும்பியிருக்கலாம்” என்றாள் டாக்டரம்மா. அவள் எதையும் மறைக்கவில்லை. மில்லி தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. போனால் இந்தத் தடவை நாற்காலி, காபி, சிரிப்பு எல்லாம் இருந்தது. மச்சினன் வேறு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்.

“சார், உங்க கேஸ் ரொம்ப அபூர்வம். மருத்துவப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதியிருக்கேன். பேர் வராது. ஒரு சம்மதக் கையெழுத்து மட்டும் வேணும்.”

“அத்தான், உலகம் முழுக்க உங்களைப் பத்திப் படிப்பாங்க!” என்றார் மச்சினன்.

மில்லி கட்டுரையை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். அவசரமே படாமல் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். ‘முதல் பன்னிரண்டு மாதங்கள் வீக்கம் 41.0 மில்லிமீட்டரில் நிலையாக இருந்தது. அதன்பின் எதிர்பாராத விதமாக விரைந்து வளர்ந்தது’ என்று இருந்தது. பின்பக்கக் கிளை திறந்திருந்ததாக ஒருத்தி சொன்னது எங்கேயும் இல்லை.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே எழுதினார்: ‘முதல் பன்னிரண்டு மாதங்கள் யாரும் அளக்கவில்லை.’

“என்ன சார் இது! டாக்டர்கள் படிக்கறது. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?”

“டாக்டர்கள் படிக்கறதுங்கறதுதான் பயமே. இதை நம்பி இன்னொருத்தன், முதல் வருஷம் ஒண்ணும் ஆகாதுன்னு சும்மா உக்காந்திருப்பான். அங்க ஒருத்தனுக்குக் கால் போகும். மாத்தி எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“அத்தான், பெரிய மனுஷர்கிட்ட...”

“நீ பேசாம காபியைக் குடி.”

பெரிய டாக்டர் மாற்றி எழுதவில்லை. மில்லி கையெழுத்துப் போடவில்லை. கட்டுரையும் வரவில்லை. உலகத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

புகாரை வாபஸ் வாங்குவதுதான் அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரி அலுவலகம் நாலாவது மாடியில். முடித்து வைத்த புகாரை வாபஸ் வாங்க விதியில் இடம் இல்லை என்றார் அங்கிருந்த குமாஸ்தா. எந்த விதி என்று கேட்டார் மில்லி. அது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் லீவில் போயிருந்தார். அதற்கடுத்த வாரம், மில்லியின் ஷூ மாடிப்படியில் சரக், டப் என்று வருகிற சத்தம் கேட்டதும் குமாஸ்தா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மில்லி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். தன் காலத்தில் முதலாளிகள் இப்படித்தான் ஒளிவார்கள், ஆனால் பின்வாசல் இருக்கிற இடமாகப் பார்த்து ஒளிவார்கள். இந்த ஆளுக்கு அதுவும் தெரியவில்லை. கழிவறைக்கு ஒரே கதவு.

கடைசியில் இரு தரப்பும் ஒரு சமரசத்துக்கு வந்தன. பழைய புகாரைக் கிழிக்க முடியாது. அதன் மேல் இன்னொரு தாளை வைத்துக் கோக்கலாம். அந்தத் தாளை எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது. ஒன்றரைப் பக்கம் எழுதி, அடித்து, அரைப் பக்கமாக்கி, அதையும் அடித்தார். கோத்தபோது நான்கே வரி இருந்தது. டாக்டரம்மா ஆறாம் மாதமே சி.டி. கேட்டது, தான் மறுத்தது, அவள் சொன்னது சரி, தான் எழுதியது பொய். முழுப் பெயர், தேதி, கையெழுத்து. குமாஸ்தா ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து, ரசீது எழுதிக் கொடுத்தார்.

அதனால் டாக்டரம்மாவுக்குப் பதவி உயர்வு கிடைத்ததா என்றால், அந்த வருஷமும் கிடைக்கவில்லை. அதற்கு வேறு ஏதோ காரணம் சொன்னார்களாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குப் போகும்போது அவளைப் பார்க்கிறார். அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அன்றைக்கு நாலு மாடியும் இறங்கி வந்தபோது மனைவி கீழே குடையோடு நின்றிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ரசீதுல என் பேரைத் தப்பா எழுதியிருக்கான் முட்டாள்.”

“மறுபடி மேல ஏறப் போறீங்களா?”

மில்லி படிகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. மனைவி கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் எடுத்து வைத்தார்.